நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டி லேஅவுட் வந்தால்: முதன்முறை பரிசீலிப்பவர்களுக்கு

திட்டக்குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதல் லேஅவுட் கோப்பு வந்ததும் கண்ணில் படுவது மனைகளின் எண்ணிக்கைதான். 12 ஹெக்டேர், 60 மனை. பேச்சும் அங்கேயே தொடங்கிவிடும்: 60 அதிகமா, 50 ஆக்கினால் ஒப்புக்கொள்ளலாமா என்று பேரம். குடிநீர் ஏரிக்குத் தண்ணீர் இறங்கும் சரிவில் அந்த நிலம் இருந்தால் இந்த வரிசை உதவாது. முதலில் தண்ணீர் எங்கே போகிறது, அடுத்து எங்கே கட்டலாம், கடைசியில்தான் எத்தனை மனை. இந்த 12 ஹெக்டேர், 60 மனையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் போகலாம். இங்கே தரும் இடைவெளிகளும் அளவுகளும் பரவலாகப் புழங்குபவை. உங்கள் இடத்து விதி வேறு எண்ணைச் சொன்னால் அதுவே செல்லும்.

கோப்பு முழுமையா என்று பாருங்கள்

விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்ற நாளிலிருந்து முடிவெடுக்கும் கெடு ஓடத் தொடங்குவதுதான் பல இடங்களில் வழக்கம். கெடு தாண்டினால் அனுமதி கொடுத்ததாகவே கருதும் விதியும் சில இடங்களில் உண்டு. அதனால் விடுபட்ட தாள்களை நாலாவது கூட்டத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை. ஏற்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்: 1 மீட்டர் அல்லது அதற்கும் நெருக்கமான உயர இடைவெளியில் காண்டூர் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரைபடம், மண் குழிச் சோதனை முடிவுகள், மழைநீர்க் கணக்கு, கழிவுநீர் ஏற்பாடு, கட்டுமானக் காலத்து மண் அரிப்புத் தடுப்புத் திட்டம், எல்லாம் முடிந்தபின் யார் பராமரிப்பது என்ற ஆவணம்.

தாள்கள் இருந்தால் மட்டும் போதாது. காண்டூர் கோடுகள் லேஅவுட்டின் எல்லையோடு நின்றுவிட்டால் திருப்பி அனுப்புங்கள். மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது, கீழே யார் நிலத்தில் இறங்குகிறது என்பது எல்லைக்கு வெளியே குறைந்தது 50 மீட்டர் வரை கோடு இருந்தால்தான் தெரியும். கோடுகள் எல்லாம் சீப்பால் வாரியதுபோல் வழவழப்பாக, இணையாக ஓடினால் அது நேரில் அளந்தது இல்லை, தொலைவிலிருந்து எடுத்த அளவை நிரவி வரைந்தது என்று சந்தேகப்படலாம். நிஜ நிலத்தில் கோடுகள் குலுங்கும்.

சாலைகளின் முனையையும் பாருங்கள். வளைந்து திரும்ப இடமில்லாமல் ஒரு சாலை பக்கத்து நிலத்தின் எல்லையில் நேராகப் போய் முட்டி நிற்கிறது என்றால், அது அடுத்த கட்டத்துக்கான வாசல். பக்கத்து நிலமும் அதே புரமோட்டருடையதா, அல்லது அவர் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். 12 ஹெக்டேராகத் துண்டு போட்டுக் கொண்டுவந்தால் ஒவ்வொரு துண்டும் விதிக்குள் அடங்கிவிடும். ஏரிக்குப் போய்ச் சேருவது மொத்தமும்.

மனைக் கோடு இல்லாத தாளில் தண்ணீரை வரையுங்கள்

மனை எல்லைகள் போடாத காண்டூர் தாளைத் தனியாக எடுத்து, அதன்மேல் டிரேசிங் பேப்பரை விரியுங்கள். கோடுகள் 'வி' போல மடியும் இடங்களைத் தேடுங்கள். மடிப்பின் முனை மேட்டைப் பார்த்து நின்றால் அது பள்ளம், தண்ணீர் வழி. முனை தாழ்வைப் பார்த்து நின்றால் அது முகடு. பள்ளம் எல்லாவற்றிலும் நீலக் கோடு இழுங்கள். வரைபடத்தில் ஓடை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வருடத்தில் சில வாரங்களே ஓடும் ஓடைகள்தான் கோப்பில் அதிகம் காணாமல் போகின்றன, கனமழையில் மண்ணையும் அழுக்கையும் அள்ளிக்கொண்டு போவதும் அவைதான்.

அடுத்து சரிவு. 1:1000 அளவுத் தாளில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 10 மீட்டர். 1 மீட்டர் காண்டூர்கள் இரண்டுக்கு நடுவே 1 செ.மீ. இருந்தால் சரிவு 10%. அரை செ.மீ. என்றால் 20%. 4 மி.மீ. என்றால் 25%. ஒரு துண்டு அட்டையில் 4 மி.மீ. குறித்து வைத்துக்கொண்டு தாள் முழுவதும் நகர்த்தினால், அதைவிட நெருக்கமான இடங்கள் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கே சிவப்பு. 15 முதல் 25% வரை ஆரஞ்சு. கட்டலாம், ஆனால் வெட்டி நிரப்பும் வேலை கூடும்.

பிறகு ஓடை, ஊற்று, சதுப்பு ஆகியவற்றைச் சுற்றிக் காப்புப் பட்டை, பச்சை நிறம். 30 மீட்டர் என்பது பரவலாக உள்ள அளவு. நியூயார்க் நகரத்துக்குத் தண்ணீர் தரும் பகுதிகளின் விதியில், புதிய செப்டிக் கசிவுப் படுகை (செப்டிக் டேங்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடம்) ஓடையிலிருந்து 100 அடியும் நீர்த்தேக்கத்திலிருந்து 300 அடியும் தள்ளி இருக்க வேண்டும். அந்த நகரம் தன் குடிநீரில் பெரும்பகுதியை வடிகட்டாமலே விநியோகிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு ஏன் என்று புரியும். எதிலிருந்து அளந்தார்கள் என்பதில் கவனம் வேண்டும். ஓடையின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால் 6 மீட்டர் அகல ஓடையில் பக்கத்துக்கு 3 மீட்டர் காணாமல் போகும். கரையின் மேல்விளிம்பிலிருந்து, கிடைமட்டமாக அளக்க வேண்டும்.

நிறம் படாமல் மிஞ்சும் வெள்ளைதான் சிக்கலில்லாமல் கட்டத்தக்க நிலம். இப்போது மனைத் தாளை மேலே வையுங்கள். நிறங்களுக்கு நடுவே சின்ன வெள்ளைத் திட்டு மட்டும் உள்ள மனைகளில் ஒரு வீட்டுக் கட்டம் கச்சிதமாக வரைந்திருப்பார்கள். வீடு அடங்கும், சரி. வாகனப் பாதை, கிணறு, கசிவுப் படுகை, அது பழுதானால் மாற்றாக ஒதுக்கும் இன்னொரு படுகை இடம், இத்தனையும் அந்தத் திட்டில் அடங்குமா? அடங்காத மனைகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்புப் பட்டை தனியார் மனைகளுக்குள் போனால் ஐந்தாறு வருடத்தில் அது புல்வெளியாகிவிடும். பத்திரத்தில் எழுதியதை வீடு வாங்கியவர் படித்திருக்க மாட்டார். பட்டையைப் பொது நிலமாகத் தனியே பிரித்து, மனை எல்லை தொடும் இடங்களில் நிலையான குறிக்கல் நடச் சொல்வதே மேல்.

நடந்து பாருங்கள்

நில உரிமையாளரின் அனுமதியோடு, முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். சாலையின் நடுக்கோட்டிலும் மனை மூலைகளிலும் கொடிக்கம்பு நடச் சொல்லுங்கள். நுழைவாயிலில் தொடங்க வேண்டாம். தண்ணீர் நிலத்தைவிட்டு வெளியேறும் தாழ்ந்த முனையில் தொடங்கி மேல்நோக்கி ஏறுங்கள். மரத்தடியில் ஒரே பக்கமாக ஒதுங்கிய சருகு, அடிமரத்தில் சேற்றுக் கறை, திடீரென்று கோரையும் நாணலும் செழித்த திட்டு, வேர் வெளியே தெரியும் கரை, இவையெல்லாம் தண்ணீர் வந்துபோன அடையாளம். நீங்கள் வரைந்த நீலக் கோடுகளோடு ஒப்பிடுங்கள். கீழே உள்ள முதல் கல்வர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்) வரை போய் அதன் குறுக்களவை அளந்து, பாதி மண்ணில் மூடியிருக்கிறதா என்று படம் எடுங்கள். கோப்பில் 900 மி.மீ. குழாய் என்று இருக்கும். நேரில் திறந்திருப்பது 400 ஆக இருக்கும்.

மழைநீர்க் கணக்கை நீங்களே ஒருமுறை போடுங்கள்

பொறியாளரின் கணக்கு அறுபது பக்கம் இருக்கலாம். அதைச் சரிபார்க்க அரைப் பக்கக் கணக்கு போதும்.

முதலில் நீர் புகாத பரப்பு. 60 வீடுகள், கூரை 220 சதுர மீட்டர், வாகனப் பாதை 130 சதுர மீட்டர் என்றால் 2.1 ஹெக்டேர். 1,200 மீட்டர் சாலை, நடைபாதையோடு 10 மீட்டர் அகலம் என்றால் 1.2 ஹெக்டேர். மொத்தம் 3.3, நிலத்தில் 27.5%. கோப்பில் இந்த எண்தான் இருக்கும். குடியேறியபின் ஒவ்வொரு வீட்டிலும் சாமான் அறை, சிமென்ட் முற்றம், கூடுதல் கார் நிறுத்தம் என்று 50 சதுர மீட்டர் கூடினால் 3.6 ஹெக்டேர், அதாவது 30%. கணக்கை இந்த 30 சதவீதத்துக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு நீர்ப்பிடிப்பில் மூடிய பரப்பு 10 சதவீதத்தை நெருங்கும்போதே நுட்பமான ஓடைகள் கெடத் தொடங்குகின்றன, 25 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பழைய உயிர்ச்சூழல் நிற்பதில்லை என்பது பல ஆய்வுகளில் கண்டது. அந்த அளவுகோல் முழு நீர்ப்பிடிப்புக்கும் உரியது. ஒரே லேஅவுட்டை அதில் நிறுத்தி அடித்தால் எதிர்த்தரப்பு எளிதாகத் தட்டிவிடும். ஏற்கெனவே உள்ள மூடிய பரப்போடு இதையும் கூட்டினால் எங்கே நிற்கிறோம் என்று கேளுங்கள்.

உச்ச ஓட்டத்துக்கு எளிய சூத்திரம்: ஓடுநீர்க் குணகம் (விழும் மழையில் ஓடிப்போகும் பங்கு) × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. விடை விநாடிக்குக் கன மீட்டர். இப்போது காடாக உள்ள நிலத்துக்குக் குணகம் 0.15, மழை மணிக்கு 60 மி.மீ. என்று வைத்தால் 0.15 × 60 × 12 ÷ 360 = 0.3. கட்டியபின் குணகம் 0.41 ஆகும் (மூடிய 30 சதவீதத்துக்கு 0.9, மீதிக்கு 0.2). விடை 0.82. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் சாலையும் குழாயும் தண்ணீரை வேகமாகக் கொண்டுவருவதால், நிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் தண்ணீர் வந்து சேர எடுக்கும் நேரம் குறைகிறது. குறைந்த நேரத்துக்குக் கணக்கிடும் மழை வேகம் அதிகம். அது 80 மி.மீ. ஆனால் விடை 1.09. மூன்று மடங்கும் இல்லை என்று சொன்ன கணக்கு மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. கோப்பில் 'முன்', 'பின்' இரண்டுக்கும் ஒரே மழை வேகம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி அகப்படும் தவறு இது.

அடுத்தது தேக்கக் குட்டை. மூடிய பரப்பில் விழும் முதல் 25 மி.மீ. மழையில் அழுக்கின் பெரும்பங்கு வரும் என்பதால் அதையாவது பிடித்துவைப்பது வழக்கம். 1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை 10 கன மீட்டர். 3.6 × 25 × 10 = 900 கன மீட்டர். சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 750 சதுர மீட்டர் குட்டை. கரைச் சரிவும், தூர்வார வண்டி போக 3 மீட்டர் பாதையும் அதற்கு மேல். அதை வரைபடத்தில் தேடுங்கள். காப்புப் பட்டைக்குள்ளோ 20% சரிவிலோ வரைந்திருந்தால் அந்தக் குட்டை தாளில் மட்டும்தான் இருக்கும்.

குட்டையின் வெளியேற்றுக் குழாய் எங்கே முடிகிறது என்பதையும் தொடருங்கள். காப்புப் பட்டை வேலை செய்வது தண்ணீர் பரவி, மெல்ல நடந்துபோகும்போது. குழாய் பட்டையைத் துளைத்துக்கொண்டு ஓடையில் இறங்கினால் 30 மீட்டர் அகலப் பட்டையின் மரங்களும் வேடிக்கைதான் பார்க்கும்.

கழிவுநீர்: மனை எண்ணிக்கையை முடிவுசெய்யும் இடம்

பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தால் இந்தப் பகுதி சுருங்கும். பம்பிங் ஸ்டேஷன் எங்கே, மின்சாரம் போனால் நிரம்பி எங்கே வழியும் என்று மட்டும் கேட்டால் போதும். வீட்டுக்கு வீடு செப்டிக் என்றால் நிதானமாகப் படியுங்கள்.

மண் சோதனையில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் மட்டுமே கெடுதல் என்று நினைப்பார்கள். மணலிலும் சரளையிலும் மிக வேகமாக இறங்குவதும் அதே அளவு ஆபத்து; கிருமி மடிவதற்குள் கழிவு நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். சோதனை எந்த மாதத்தில் நடந்தது என்று பாருங்கள். வறண்ட காலத்தில் தோண்டிய குழியில் தண்ணீர் மட்டம் ஆழத்தில்தான் இருக்கும். மழைக்காலத்து மட்டத்தை மண்ணே சொல்லும்: குழிச் சுவரில் சாம்பல் நிறமும் துருச் சிவப்புப் புள்ளிகளும் கலந்து தொடங்கும் ஆழம் வரை தண்ணீர் ஏறி நிற்கிறது என்று பொருள். கசிவுப் படுகையின் அடிக்கும் அந்த ஆழத்துக்கும் நடுவே 0.6 முதல் 1.2 மீட்டர் உலர்ந்த மண் இருக்க வேண்டும் என்பது பல விதிகளில் காணும் அளவு. குழி விவரத்தில் நிற மாற்றம் பற்றிய பத்தியே இல்லையென்றால் மறுபடி தோண்டச் சொல்லுங்கள்.

தனித்தனி மனை ஒவ்வொன்றும் தேறினாலும் கூட்டுத்தொகை தேறாமல் போகலாம். சாதாரண செப்டிக் டேங்க் நைட்ரஜனை அதிகம் நீக்குவதில்லை. ஒருவர் வருடத்துக்குச் சுமார் 4.5 கிலோ நைட்ரஜன் கழிவில் விடுகிறார். 60 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,080 கிலோ. கால்பங்கு மண்ணில் இழப்பாகும் என்று வைத்தாலும் 810 கிலோ நிலத்தடிக்கு. அதைக் கரைக்கும் தண்ணீர் எவ்வளவு? வருடத்துக்கு 250 மி.மீ. மழை உள்ளிறங்கும் என்றால் 12 ஹெக்டேரில் 30,000 கன மீட்டர். கழிவுநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் வீதம் சுமார் 13,000. ஆக 810 கிலோ 43,000 கன மீட்டரில் கரைந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 19 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்த அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எண்ணினால் சுமார் 11. இங்கேதான் கண்கட்டு நடக்கும். நைட்ரஜனாகக் கணக்கிட்ட 19-ஐ, நைட்ரேட்டாகச் சொன்ன 50-க்குப் பக்கத்தில் வைத்து 'வரம்புக்குள்' என்று எழுதிவிடுவார்கள். எந்த அலகில் என்று இரண்டு எண்ணுக்கும் எழுதி வாங்குங்கள்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 11-க்குள் நிற்க இந்த நிலம் தாங்குவது சுமார் 29 வீடு. மேலேயிருந்து ஏற்கெனவே வரும் நைட்ரேட்டைச் சேர்த்தால் இன்னும் குறையும். 60 வேண்டும் என்றால் நைட்ரஜன் நீக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதை நடத்த ஆளும் பணமும் வேண்டும். 60-ஆ 50-ஆ என்ற பேரத்துக்கு இந்த ஒரு பத்தி பதில் சொல்லிவிடும். உள்ளிறங்கும் மழை அளவு உங்கள் பகுதிக்கு எவ்வளவு என்பதை நீரியல் அறிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். விடையை அதிகம் மாற்றுவது அந்த எண்தான்.

கட்டும் காலம்

ஏரிக்கு மிகக் கெட்ட காலம், மண்ணைத் திறந்துபோட்ட அந்த ஒன்றிரண்டு மழைக்காலங்கள். குட்டை கட்டியிருக்கிறோமே என்பார்கள். மணல் படிந்துவிடும், உண்மை. ஆனால் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) களிமண் துகள் அசையாத தண்ணீரிலேயே ஒரு நாளைக்கு 30 செ.மீ. அளவுதான் இறங்கும். 1 மீட்டர் இறங்க மூன்று நாள். அதற்குள் குட்டை காலியாகி, கலங்கல் ஏரிக்குப் போயிருக்கும். அந்தக் கலங்கல் கிருமிக்கு ஒளிவிடமாகிறது, குளோரின் செலவையும் ஏற்றுகிறது. ஆக மண்ணைத் திறக்காமல் இருப்பது முதல் தற்காப்பு, குட்டை அடுத்தது. ஒரே நேரத்தில் 2 ஹெக்டேருக்கு மேல் திறக்கக் கூடாது, வேலை நின்ற இடத்தை 7 முதல் 14 நாளுக்குள் வைக்கோலோ புல்லோ கொண்டு மூட வேண்டும் என்று கேளுங்கள். படிவுக் குட்டைக்கு, அதில் வடியும் ஹெக்டேருக்கு 250 கன மீட்டர் கணக்கு.

வண்டல் தடுப்புத் துணிவேலியின் அடி 15 செ.மீ. மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் அடியிலேயே போகும். அதை ஓடைக்குக் குறுக்கே வரைந்திருந்தால் அடித்துவிடுங்கள். பரவி வரும் தண்ணீருக்கானது அது. வேகமாக ஓடும் வாய்க்காலில் முதல் மழையிலேயே சாய்ந்துவிடும்.

கருத்தை எழுதும் முறை

ஒவ்வொரு குறையையும் எண்ணிட்டு, எந்தத் தாள், எந்த விதிப்பிரிவு, என்ன வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள். 'நீர்வளம் பாதிக்கப்படும் என அஞ்சுகிறோம்' என்றால் பதிலாக ஒரு சமாதானம் வரும். 'தாள் 7-இல் மனை 23-இன் மாற்றுக் கசிவுப் படுகை ஓடைக்கரையிலிருந்து 22 மீட்டரில் உள்ளது, தேவை 30, மனையை நீக்கவும் அல்லது பக்கத்து மனையோடு இணைக்கவும்' என்றால் திருத்திய தாள் வரும். திருத்திய தாளில் மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மனை 23 நகர்ந்ததால் சாலை வளைந்து, குட்டை சுருங்கியிருக்கலாம்.

நிபந்தனைகளில் 'போதுமான', 'தகுந்த', 'இயன்றவரை' மூன்றையும் தேடி எடுத்துவிடுங்கள். எத்தனை மீட்டர், எந்தத் தேதிக்குள், யார் பார்த்துக் கையெழுத்திடுவார், தவறினால் வேலை நிற்குமா என்பதுதான் நிபந்தனை. புரமோட்டரையோ எதிர்ப்பவர்களையோ கூட்டத்துக்கு வெளியே தனியாகச் சந்தித்துக் கோப்பைப் பேசாதீர்கள். நல்ல முடிவும் அதனாலேயே நீதிமன்றத்தில் விழுந்துவிடக்கூடும்.

பிணைத்தொகையை (வேலை முடியும்வரை புரமோட்டரிடம் வாங்கிவைக்கும் பணம்) அவருடைய செலவு மதிப்பீட்டை வைத்து நிர்ணயிக்காதீர்கள். அவர் பாதியில் விட்டுப்போனால் உள்ளாட்சி வெளியாளை வைத்து முடிக்க என்ன ஆகும் என்பதே அளவு. விடுவிப்பதற்கு முன், கட்டி முடித்த குட்டையை மறுபடி சர்வே எடுத்து, 900 கன மீட்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுமானக் கால வண்டல் அடியில் படிந்து 600 ஆகியிருப்பது சாதாரணம். தூர்வாரிய பிறகு, புல் பிடித்து ஒரு முழு மழைக்காலம் கடந்த பிறகு, கடைசித் தவணையை விடுவியுங்கள். குட்டையும் அதற்குப் போகும் 3 மீட்டர் பாதையும் யார் பெயரில், எந்தப் பத்திரத்தில் பதிவாகியிருக்கிறது என்ற நகலும் அதற்குள் கோப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.